வட்டியில்லாக் கடனும் ஒரு பழைய காரும்

1

பம்பாயில் நம் ஊர்ச் சங்கம் கார் வாங்கியிருப்பதாகவும் அதை நான் ஓட்டுவதாகவும் ஊரில் பேச்சு என்று தம்பி எழுதியிருக்கிறான். அது போதாதென்று நான்கு பேர் தனித்தனியாக எனக்குக் கார்டு போட்டிருக்கிறார்கள். ஒருவர் மகனை அனுப்புகிறாராம். போரிபந்தர் ஸ்டேஷனில் நான் காரோடு நிற்க வேண்டுமாம். இன்னொருவருடைய மருமகளுக்குக் கடல் காற்று நல்லது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். தினமும் காரில் கூட்டிக்கொண்டு போக எனக்குச் சௌகரியப்படுமா என்று கேட்டிருக்கிறார்.

பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. ஆகையால் நம் ஊர்ப் படிப்பகத்துக் கையெழுத்துப் பத்திரிகைக்கு இதை அனுப்புகிறேன். யாராவது உரக்கப் படித்து, எல்லோரும் கேட்டுக்கொண்டால் எனக்குத் தபால் செலவு மிச்சம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேருக்கு முன்னால் பேச வராது. எழுதும்போது யாரும் குறுக்கே பேச மாட்டார்கள் என்பதால் எழுதப் பிடிக்கும். ஊர்ப் பேச்சில் பாதி நிஜம், பாதி பொய். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

2

இந்த ஆவணியோடு நான் பம்பாய் வந்து இருபத்திரண்டு வருஷம். முதலில் தாராவியில் தோல் கம்பெனி. அப்புறம் ஒரு கராஜில் கார் கழுவினேன். கழுவின இடத்திலேயே ஓட்டவும் படித்தேன். பதினாலு வருஷமாக டாக்ஸி. வண்டி என்னுடையது இல்லை. மாடுங்காவில் ஒரு ஸேட்டுக்கு மூன்று டாக்ஸி உண்டு. காலையில் எடுத்தால் சாயங்காலம் அவருக்கு வாடகை வைக்க வேண்டும். மிச்சம் எனக்கு. மிச்சமில்லாத நாளிலும் வாடகை அவருக்கு.

இந்த ஒரு வண்டி மட்டும் எட்டு வருஷமாக என் கையில் இருக்கிறது. சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், பின்னால் ஒரு கரி அடுப்பைக் கட்டி அதன் புகையில் ஓட்டச் சொன்னார்கள். விடியற்காலம் எழுந்து அரைமணி நேரம் விசிறினால்தான் வண்டி நகரும். ஸ்டாண்டில் போய் நிற்கும்போது என் முகம் கரிச்சட்டி மாதிரி இருக்கும். ஏறுகிறவர்கள் சீட்டைத் துடைத்துவிட்டு உட்காருவார்கள். பாலத்தில் ஏறும்போது ஆளை இறக்கித் தள்ளச் சொன்னதும் உண்டு. அப்படியெல்லாம் ஓட்டிய வண்டி. எந்தச் சாலையில் எந்த இடத்தில் அது முனகும் என்று எனக்குத் தெரியும்.

மூன்று மாசத்துக்கு முன்னால் ஸேட் என்னைக் கூப்பிட்டார். மர வியாபாரத்தில் இறங்கப் போவதாகவும் மூன்று வண்டிகளையும் விற்பதாகவும் சொன்னார். "எட்டு வருஷம் நீ வைத்திருந்த வண்டி. முதலில் உன்னைத்தான் கேட்க வேண்டும், சுடலை. மூவாயிரம் கொடு. மாசக் கடைசி வரைக்கும் யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்றார்.

என்னிடம் இருந்தது ஆயிரம். அதுவும் என் சம்சாரம் செல்லக்கனி சீட்டுப் போட்டுச் சேர்த்தது.

மறுநாளே ஒரு பஞ்சாபிக்காரர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். பாகிஸ்தான் பிரிந்தபோது ஊரும் வீடும் போய்க் குடும்பத்தோடு வந்து சேர்ந்தவர். அவரைக் குறை சொல்ல முடியாது. அவரே ஓட்டுவார், தம்பியும் ஓட்டுவார். அவர் வாங்கினால் எனக்கு வேலை இல்லை. மற்ற இரண்டு வண்டியும் ஏற்கெனவே பேசி முடித்தாயிற்று. நாற்பத்தாறு வயதில் மறுபடியும் தோல் கம்பெனிக்குப் போய்ச் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குவதா, கடன் வாங்கி இந்த வண்டியை வாங்குவதா? கேள்வி அவ்வளவுதான்.

3

கடன் இருக்கட்டும், பர்மிட்டை என் பேருக்கு மாற்ற முடியுமா என்று முதலில் பார்ப்போம் என்று டாக்ஸி ஆபீசுக்குப் போனேன். மூன்று நாள் போனேன். முதல் நாள் விண்ணப்பப் பாரம் தீர்ந்துவிட்டது என்றார்கள். இரண்டாம் நாள் பாரம் கிடைத்தது. அது இங்கிலீஷில் இருந்தது.

வீட்டில் மகள் பாக்கியத்திடம் கொடுத்தேன். பதிமூன்று வயது. இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுகிறாள், ஹிந்தியில் மழையாகப் பொழிகிறாள். என் தம்பி கடிதத்தைக் கொடுத்தால் மட்டும் தலைகீழாகப் பிடித்த மாதிரி பார்க்கிறாள்.

"எப்பா, இதுல 'சர்நேம்'னு கேக்கான். நமக்கு என்ன?"

"அப்படி ஒண்ணும் கெடையாது. சுடலைன்னு எழுது."

"அது பேரு. அதுக்குப் பின்னால ஒண்ணு வேணும். கிளாஸ்ல எல்லாருக்கும் இருக்கு. எனக்கு மட்டுந்தான் இல்ல, தெரியுமா?"

தெரியாது. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிச் சமாளிக்கிறாள் என்று நான் இதுநாள் வரை கேட்டதில்லை. என் அப்பா பேரை எழுதச் சொன்னேன். மூன்றாம் நாள் குமாஸ்தா அதைப் பார்த்துவிட்டு, "இது உங்கள் அப்பா பேர். குடும்பப் பேர் எங்கே?" என்று மராத்தியில் கேட்டார். இல்லை என்றேன். பேர் இல்லாத குடும்பமா என்று பக்கத்து மேஜைக்காரரிடம் சொல்லிச் சிரித்தார். கடைசியில் அவரே நம் ஊர்ப் பேரை எனக்குக் குடும்பப் பேராகப் போட்டார். நான் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் நான்காம் நாளும் வரச் சொல்லியிருப்பார்.

அத்தோடு முடியவில்லை. குடியிருப்புக்கு வாடகை ரசீது வேண்டுமாம். நான் குடியிருக்கும் அறைக்கு மாதாமாதம் வாடகை கொடுப்பவன் நான்தான். ரசீதில் இருக்கும் பேர் முத்தையா அண்ணாச்சியுடையது. தாராவியில் நம் ஊர்க்காரர்கள் இருக்கும் ஏழு அறையும் அவர் பேரில்தான் பிடித்தது. அந்தக் காலத்தில் அவர் ஒருவருக்குத்தான் வீட்டுக்காரன் அறை கொடுத்தான். ஆக, இந்த ஊரில் நான் குடியிருக்கிறேன் என்பதற்கே அண்ணாச்சி கடிதம் கொடுத்தால்தான் உண்டு.

4

சங்கத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேர் வீட்டுக்கு அதிலிருந்து பணம் வந்திருக்கிறது. மாதம் எட்டணா சந்தா. கல்யாணம், கருமாதி, ஊருக்கு டிக்கெட் என்றால் கடன். வட்டி கிடையாது. ஒரே ஒரு விதி. கடன் கேட்பவன் தானே எழுந்து நின்று, தன் வாயால் கேட்க வேண்டும். இன்னொருவர் எடுத்துச் சொல்லக் கூடாது.

எனக்கு அந்த விதிதான் பயம். பதினாறு வருஷமாகக் கூட்டத்துக்குப் போகிறேன். ஒருநாளும் வாய் திறந்ததில்லை. வண்டி ஓட்டும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பின்னால் இருந்த ஒரு குஜராத்தி அம்மாள் பயந்துபோய்த் தாதரிலேயே இறங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றேன். "ஸேட் வண்டிய விக்காரு. நான் வாங்கலாம்னு இருக்கேன். ரெண்டாயிரம் கொறையுது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

முத்தையா அண்ணாச்சி தோல் கம்பெனியில் மேஸ்திரி, சங்கத்துக்குத் தலைவர். எனக்குப் பம்பாயில் முதல் வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். "இதுவரைக்கும் காருக்குன்னு எவனும் கேட்டதில்ல. ஆனா இவன் வாயத் தொறந்து பேசினதும் இதுவரைக்கும் இல்ல. அதுக்காகவே குடுக்கலாம்டே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவரும் மறுக்கவில்லை.

அப்பாடா என்று நினைத்தேன். அப்போது என் மச்சினன் தங்கராசு, மில்லில் வேலை பார்ப்பவன், கையைத் தட்டினான்.

"அப்ப நம்ம சங்கத்துக்குக் கார் வந்தாச்சு."

அவ்வளவுதான்.

"ஊர்லேருந்து வாற ஆளுக்கு ஸ்டேஷன்ல நிக்கணும்."

"அதச் சொல்லணுமாவே? கல்யாணத்துக்கும் வரணும்."

"கல்யாணத்துல முன் சீட்டு யாருக்கு?"

"மாப்பிள்ளைக்கு."

"மாப்பிள்ளை பொண்ணோட பின்னால இருப்பான். முன் சீட்டு தாய்மாமனுக்கு."

"அப்ப சங்கத் தலைவர் நடந்து வரணுமோ?"

முன் சீட்டிலேயே கால்மணி நேரம் போயிற்று. பிறகு ஒருவர், யாராவது செத்தால் சுடுகாட்டுக்குக் காரிலேயே கொண்டுபோய்விடலாமே, தோள் வலி மிச்சம் என்றார்.

"பொணம் ஏத்துன வண்டியில சவாரிக்காரன் ஏறுவானா?"

"சவாரிக்காரன்ட்ட யாரு சொல்லப் போறா?"

கதவில் ஊர்ப் பேர் எழுத வேண்டும் என்று முடிவாயிற்று. தமிழிலா இங்கிலீஷிலா என்பதில் ஓட்டெடுப்பு. டாக்ஸிக் கதவில் இஷ்டத்துக்கு எழுதினால் போலீஸ் பிடிக்கும் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த மூன்று வாக்கியமும் செலவாகிவிட்டது.

"ஏலே சுடலை, நீ என்ன சொல்லுத?" என்றார் அண்ணாச்சி.

"யோசிச்சுச் சொல்லுதேன் அண்ணாச்சி."

"குடுக்கவன் யோசிக்கல, வாங்குதவன் யோசிக்கான். நல்லா இருக்குடே."

உங்களில் வயதானவர்களுக்கு என் மாமாவின் சைக்கிள் நினைவிருக்கும். நம் தெருவில் முதல் சைக்கிள். அவர் யாருக்கும் இல்லை என்று சொல்லாதவர். காலையில் ஒருவன் தபாலாபீசுக்கு எடுத்துப் போவான், அங்கிருந்து இன்னொருவன் வாங்கிக்கொண்டு சந்தைக்குப் போவான். சைக்கிள் ஊரெல்லாம் ஓடியது. மாமா மட்டும் கடைசி வரை நடந்துதான் போனார். பங்க்சர் ஒட்டின காசும் அவருடையது.

சின்ன வயதில் எனக்கு அது சிரிப்பாக இருந்தது.

5

நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே தங்கராசு தன் சகலைக்குக் கார்டு எழுதிப் போட்டுவிட்டான். சங்கம் கார் வாங்கியாயிற்று, அத்தான்தான் டிரைவர் என்று. ஊரில் பேச்சு கிளம்பியது இப்படித்தான். அடுத்த வாரம் புதன்கிழமை அந்தச் சகலை, பெண்டாட்டி, மூன்று பிள்ளை, ஒரு மூட்டை அரிசி, ஒரு கூடைக் கருவாட்டோடு போரிபந்தரில் இறங்கினார். நான் காரோடு நின்றேன். நிற்காமல் இருக்க எனக்குத் தெரியவில்லை.

"கார் புதுசுன்னுல்லா எழுதியிருந்தான்" என்றார், கதவை இரண்டு தடவை அடித்துச் சாத்திப் பார்த்து.

"இது ஸேட் வண்டிங்க. இன்னும் வாங்கல."

"வாங்கப் போறதுதானே. நேரா வீட்டுக்கா போறீரு? பிள்ளைக கடல் பாக்கணும்னு ரயில்ல ஏறினதுலேருந்து கேக்குதுக."

நம் ஊரிலிருந்து எட்டு மைலில் கடல். அதைச் சொல்ல வாய் வரவில்லை. சௌபாத்திக்குப் போனோம். அங்கே ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது. பிறகு மகாலட்சுமி கோயில். பிறகு, வந்தது வந்தோம் என்று ராணி பாக்கில் யானை, புலி. வழியில் மூன்று பேர் கை காட்டினார்கள். மூன்றும் நல்ல சவாரி, நிறுத்த முடியவில்லை. பெட்ரோல் கூப்பன் இரண்டு நாளுக்குரியது அன்றைக்கே தீர்ந்தது. வீட்டு வாசலில் இறங்கும்போது சகலை என் தோளைத் தட்டி, "நம்ம கார்னா நம்ம கார்தான்வே. வாடகைக் கார்னா இப்படிச் சுத்திக் காட்டுவானா?" என்றார்.

சாயங்காலம் ஸேட்டுக்கு வாடகையை என் கையிலிருந்து வைத்தேன். வண்டியிலிருந்து கருவாட்டு வாசம் போக நான்கு நாளாயிற்று. ஒரு டாக்டர் ஏறி, மூக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

செல்லக்கனி அதுவரைக்கும், "வட்டியில்லாம குடுக்காங்க, இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தவள். அந்த வாரம் கார் சீட்டைக் கழுவி உலர்த்தியவளும் அவள்தான்.

"வட்டிக்குப் பட்டாணிக்காரன்ட்ட வாங்குனா அவன் எங்க நிப்பான்?" என்று கேட்டாள்.

"மாசம் பொறந்தா வாசல்ல நிப்பான்."

"இவங்க சீட்டுல உக்காந்திருக்காங்க. வாசல்ல நிக்கவன மாசம் ஒருதடவ அனுப்பிரலாம். சீட்டுல இருக்கவன எப்படி எறக்குவீங்க? உங்களால முடியாது."

என்னால் முடியாது என்பது அவளுக்குக் கல்யாணமான முதல் வாரமே தெரியும்.

6

கான் சாகிப் என்று ஒரு பட்டாணிக்காரர் தோல் கம்பெனி வாசலில் வட்டிக்குக் கொடுப்பவர். ரூபாய்க்கு மாதம் ஓரணா. கொள்ளை வட்டிதான். ஆனால் அவரிடம் பேசியது சுகமாக இருந்தது. கார் யாருக்கு, எங்கே போகும், முன் சீட்டில் யார் என்று எதுவும் கேட்கவில்லை. எந்தத் தேதியில் தருவாய், யார் ஜாமீன் என்று இரண்டே கேள்வி. ஜாமீனுக்கு நிரந்தர வேலையில் இருப்பவர், தன் பேரில் வாடகை ரசீது உள்ளவர் வேண்டும் என்றார்.

எனக்குத் தெரிந்து அப்படி ஒருவர்தான் உண்டு. வாடகைக் கடிதத்துக்கும் முத்தையா அண்ணாச்சிதான், ஜாமீனுக்கும் அவர்தான்.

அவரிடம் ஜாமீன் கேட்பதற்கு முன் சங்கத்திலேயே பேச இன்னொரு வழி இருப்பதாக எனக்குத் தோன்றியது. அடுத்த ஞாயிறு மறுபடி எழுந்து நின்றேன். இந்தத் தடவை உட்கார்ந்திருந்தவர்கள் எனக்கு முன்னாலேயே சிரிக்கத் தயாராக இருந்தார்கள்.

"வட்டி வாங்கிக்கிடுங்க" என்றேன். "பட்டாணிக்காரனுக்குக் குடுக்கறத சங்கத்துக்கே குடுக்கேன். காரு சவாரிக்கு மட்டும் ஓடட்டும்."

சிரிப்பு வரவில்லை. தங்கராசு என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார். "உங்க அம்மை படுத்துக் கெடந்தப்ப நீ கேக்காமலே சங்கம் பணம் அனுப்பிச்சே. வட்டி கேட்டோமா?"

"இல்ல அண்ணாச்சி."

"இந்த அறையில உக்காந்திருக்க எவன்ட்டயாவது கேட்டிருக்கோமா?"

"இல்ல."

"அப்ப எங்களையும் பட்டாணிக்காரன் வரிசையில ஏன்டே நிறுத்துத? ஊர்க்காரன்ட்ட வட்டி வாங்கினோம்னா ஊருக்குப் போயி எந்த மொகத்தக் காட்ட?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. என் பேச்சிலும் தப்பு இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அதைச் சொல்ல எனக்குத் தெரிந்தது ஒரே வரி.

"வட்டி குடுத்தாத்தான் கடன் தீரும் அண்ணாச்சி. வட்டி இல்லாத கடன் தீர மாட்டேங்கு."

அவர் சங்கத்து நோட்டை மூடினார். எல்லோருக்கும் கொண்டுவந்த காப்பியை யாரும் எடுக்கவில்லை. வெளியே வந்தபோது தங்கராசு, "அத்தான், நீங்க பேசாமலே இருந்திருக்கலாம்" என்றான். இருபது வருஷமாகப் பேசு பேசு என்று சொன்னவனும் அவன்தான்.

7

மாசம் முடிய மூன்று நாள். நான் அண்ணாச்சியிடம் போகவில்லை. வட்டி வாங்க மாட்டேன் என்று வருத்தப்பட்டவரிடம் போய், வட்டிக்காரனிடம் எனக்காகக் கையெழுத்துப் போடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? செல்லக்கனி, தான் போய்க் கேட்கட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். பஞ்சாபிக்காரர் இன்னொரு தடவை வந்து, டயரைக் குனிந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கடைசி நாளுக்கு முதல் நாள் காலை அண்ணாச்சியே வாசலில் வந்து நின்றார்.

"பட்டாணி என்னத் தேடிக் கம்பெனிக்கு வந்தான். நீ அனுப்பினியா?"

"இல்ல அண்ணாச்சி."

"அனுப்ப மாட்டன்னு தெரியும். அவன் தொழிலு, அவன் விசாரிக்கான். சுடலை எப்படிப்பட்ட ஆளுன்னு கேட்டான்."

என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை.

"சட்டையப் போட்டுக்கிட்டு வா" என்றார்.

வழியில் நான், "அண்ணாச்சி, அன்னிக்கு நான் சொன்னது..." என்று ஆரம்பித்தேன். "பேசாத. பேசத் தெரியாதவன் பேசினது போதும்" என்றார். 

கான் சாகிப் காகிதத்தை நீட்டினார். அண்ணாச்சி தமிழில் மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கான் கேட்டார். "முத்தையான்னு எழுதியிருக்கு. அது போதும்" என்று அண்ணாச்சி தமிழிலேயே சொன்னார். கானுக்கு அது எப்படிப் புரிந்ததோ, தலையை ஆட்டிக்கொண்டு பணத்தை எண்ணினார். திரும்பும்போது அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்து என்னிடம் கொடுத்தார். டாக்ஸி ஆபீசுக்கு வாடகைக் கடிதம். யார் சொன்னார்களோ, முன்னாலேயே கம்பெனி குமாஸ்தாவிடம் சொல்லி இங்கிலீஷில் எழுதி வாங்கி வைத்திருந்திருக்கிறார்.

ஆகவே நிஜம் இதுதான். கார் வாங்கியாயிற்று. சங்கம் வாங்கவில்லை, நான் வாங்கினேன். கதவில் ஊர்ப் பேர் இல்லை. பர்மிட்டில் மட்டும் என் பேருக்குப் பின்னால் இருக்கிறது, அது குமாஸ்தா செய்தது. மாசம் பிறந்தால் கான் சாகிப் வாசலுக்கு வருகிறார், வாங்கிக்கொண்டு போகிறார். அந்த வட்டி எரிச்சலாகத்தான் இருக்கிறது. சில நாள் வருமானத்தைப் பார்த்தால் ஸேட்டுக்கு வாடகை வைத்த காலமே தேவலை என்று செல்லக்கனி சொல்கிறாள். அப்படியும் இருக்கலாம். பம்பாய் வருகிறவர்கள் தாதரிலேயே ரயிலை விட்டு இறங்கி, லோக்கல் வண்டி பிடித்து மாடுங்காவுக்கோ சயானுக்கோ வரவும். அங்கிருந்து நடை தூரம்தான். மருமகளுக்குக் கடல் காற்று நம் பக்கத்திலேயே கிடைக்கும். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அண்ணாச்சி தினமும் காலையில் கம்பெனிக்கு நடந்து போகிறார். நான் வண்டியைத் துடைத்துக்கொண்டு தெருமுனையில் நிற்கும் நேரம் அது. நல்ல தூரம் நடக்க வேண்டும், அவருக்கு முழங்காலும் சரியில்லை. ஏறுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லலாம். சொன்னால் பின்னாலேயே ஊர் ஏறிவிடும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அதனால் அவர் ஏற மாட்டார், நான் கேட்க மாட்டேன். ஆனாலும் அவர் நிற்காமல் போவதில்லை. பின் டயரில் காற்று குறைச்சலாக இருக்கிறது பார் என்று சொல்லிவிட்டுப் போகிறார். இன்று காலையும் சொன்னார். அவர் போன பிறகு குனிந்து அழுத்திப் பார்த்தேன். காற்று சரியாகத்தான் இருந்தது.